வாத்துக்காரி நத்தை

குரோட்டன் வேலிக்கு அடியில் குப்புறப் படுத்து, வலது கையைத் தோள் வரை உள்ளே விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார் தோட்ட ஆபீஸ் பெரிய கிராணி தியாகராஜா. மழை முதுகில் அடித்தது. விரலில் ஒன்று வழவழவென்று தட்டுப்பட்டது. பிடித்து இழுத்தார். வேரைக் கவ்விக்கொண்டு வர மறுத்தது; இன்னொரு இழுப்பில் ஈரச் சத்தத்தோடு விட்டுக்கொடுத்தது. உள்ளங்கையை நிறைக்கும் நத்தை. பழுப்புக் கோடுகள் ஓடிய ஓடு கூம்பி முறுகி முனையில் வெளுத்திருந்தது. வயதான நத்தை. முக்கியமாக இந்த மாதிரிதான் இங்கே இருக்கக் கூடாது.

பக்கத்தில் இருந்த மண்ணெண்ணெய்த் தகரத்தில் அதைப் போட்டார். தகரம் முக்கால்வாசி நிறைந்திருந்தது.

துரை வருவதற்குள் முடிக்க வேண்டும். நேற்று, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் துரை ஆங்கிலத்தில் போட்ட உத்தரவை, மொத்தத் தோட்டத்துக்கும் தமிழில் உரக்கச் சொன்னவர் தியாகராஜாவேதான். நாளை காலை நானே எல்லா வீட்டுக் கொல்லையையும் பார்ப்பேன். எங்கே பெரிய, கிழட்டு நத்தைகள் கூட்டமாக இருக்கின்றனவோ அங்கேதான் இது ஆரம்பித்திருக்கிறது. அந்தக் குடும்பத்தின் பேர் தோட்டக் கணக்கிலிருந்து வெட்டப்படும். சொல்லும்போது அவருடைய குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை.

"இஞ்சருங்கோ! என்ன செய்யிறியள் மழைக்குள்ளை?"

அடுப்படி வாசலில் அவர் மனைவி செல்லப்பாக்கியம் நின்றாள். அவர் சட்டென்று தகரத்தை உடம்பால் மறைத்தார்.

"துரை வாறார். வளவைக் கொஞ்சம் துப்புரவாக்கிறன்."

"அதுக்கு வாசல் கூட்டிற ராசம்மா இருக்கிறாள்தானே? பெரிய கிராணியார் சேத்துக்கை படுத்துக் கிடந்தா பாக்கிற சனம் என்ன சொல்லும்?"

"இஞ்சரும், நீர் உள்ளை போம். ஈரம் உமக்கு ஆகாது."

அவள் ஒரு கணம் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனாள். அதே நேரம் மேட்டு ரோட்டில் துரையின் மோட்டார் சைக்கிள் உறுமியது.

தகரம் கையில் கனத்தது. மற்ற வீடுகளில் இந்த நத்தைகளைக் கொதிநீர் ஊற்றிக் கொன்றார்கள், சுண்ணாம்பு தூவினார்கள், சப்பாத்துக் காலால் நசுக்கினார்கள். தியாகராஜாவுக்கு அது முடியாது. மூன்று தலைமுறையாக மீன் முள்கூட வாசற்படி தாண்டாத வீடு அவருடையது. சிகாமட் சைவ சங்கத்தில் வெள்ளிக்கிழமை தோறும் புராணம் படித்துப் பயன் சொல்கிறவர். ஆனால் மோட்டார் சைக்கிள் வீட்டுப் பக்கம் திரும்பிவிட்டது. கொல்லைக்குப் பின்னால் மழைநீர்க் கான் சுழித்து ஓடிக்கொண்டிருந்தது. யோசிக்கவில்லை. தகரத்தைக் கவிழ்த்தார். ஓடுகள் ஒன்றோடொன்று மோதி உருண்டு, செந்நீரில் விழுந்து, பள்ளத்தை நோக்கிப் போயின.

கான் எங்கே போய்ச் சேருகிறது என்பது அவருக்குத் தெரியும். தொழிலாளர் லயத்துக் கடைசியில், வெள்ளையம்மாவின் வாத்துக் குட்டையில்.

*

ரப்பர் விலை விழுந்து மூன்றாம் வருஷம் அது. அக்கம்பக்கத் தோட்டங்களில் பாதி லயங்கள் காலியாகிவிட்டன. பேர் வெட்டப்பட்டவர்கள் சிகாமட் ஸ்டேஷனில் மூட்டை முடிச்சோடு ரயிலுக்குக் காத்திருப்பதும், அங்கிருந்து கப்பலுக்குப் போவதும் யாரும் திரும்பிப் பார்க்காத காட்சியாகிப் போயிருந்தது. அந்தச் சமயம் பார்த்து இந்த நத்தை. போன மழைக்கு முன்னால் அதை ஒருவரும் கண்டதில்லை. முதலில் லயத்துக் கீரைப் பாத்திகள் ஒரே ராத்திரியில் காம்பாக நின்றன. பிறகு மாரியம்மன் கோயில் துலுக்கச் சாமந்தி. பிறகு பால் மரங்களிலேயே ஏறியது. விடியக்காலை பட்டையை வெட்டிவிட்டு, பால் எடுக்கத் திரும்பி வரும் பெண்கள், பால் வடியும் மங்குக் கிண்ணத்தின் விளிம்பில் நத்தை தொங்கிக்கொண்டு பாலைக் குடிப்பதைப் பார்த்து அலறினார்கள். மிச்சப் பால் அதன் சளியோடு திரிந்து கட்டியாகிக் கிடக்கும். கடைசியாகத் துரையின் மடியிலேயே கை வைத்தது. புதுக் காட்டில் நடுவதற்கென்று பிள்ளைபோல் அவர் வளர்த்த ஒட்டுக் கன்றுகளின் பச்சைக் குருத்தை வரிசை வரிசையாக மொட்டையடித்துவிட்டது. அன்றைக்குத்தான் துரை தொப்பியைத் தரையில் அடித்தார்.

குட்டைக்குப் பக்கத்தில் நத்தை அதிகம் என்பதால், லயத்தில் யாரோ அதற்கு வாத்துக்காரி நத்தை என்று பேர் வைத்துவிட்டார்கள். வாத்துக்குத் தீனியாக வெள்ளையம்மாதான் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து விட்டாள் என்று கதை கட்டிவிட்டவர் கங்காணி சபாபதி. அவளுடைய வாத்துகளின் மேல் அவருக்கு ரொம்ப நாளாகவே ஒரு கண்.

*

"தொரை! இங்க பாருங்க தொரை! தாய் நத்தை, பாட்டி நத்தை, பூரா இங்கதான் குடித்தனம்!"

குட்டைக் கரையில் குச்சியால் கிளறிக்கொண்டே சபாபதி கூவினார். துரையின் பூட்ஸுக்கு முன்னால் பெரிய ஓடுகள் குவிந்தன. வாத்துகள் தூரத்தில் நின்று கத்தின. தியாகராஜா உலர்ந்த கோட்டு மாற்றிக்கொண்டு, குடையோடு துரைக்கு ஒரு எட்டுப் பின்னால் நின்றார். துரை மலாயாவுக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. தமிழில் 'வா', 'போ', 'சீக்கிரம்' மட்டும் தெரியும். மற்றதெல்லாம் பெரிய கிராணியின் வாய் வழியாகத்தான்.

வெள்ளையம்மா சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகியபடி குட்டையிலிருந்து ஏறி வந்தாள். நாற்பது வயது. பால் வெட்டுக் காட்டில் அவள் வரிசையை முந்துவதற்கு ஆள் இல்லை. கால் விளங்காத புருஷன் செல்லப்பன், லயத்து வாசலில் முக்காலியில் உட்கார்ந்தபடி கழுத்தை நீட்டிப் பார்த்தான்.

"ஏன் கங்காணி, நேத்து பொழுது சாய வரைக்கும் இம்புட்டு பெருசு ஒண்ணுகூட இங்க இல்லையே. ராத்திரி நீ வந்து பால் குடுத்து வளத்தியா?"

கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. சபாபதியின் மீசை துடித்தது.

"வாயப் பாரு! வாத்துக்கு நத்த திங்கக் குடுக்கிறது நீதான?"

"குடுக்கறேன். கெடக்குறத பொறுக்கிக் குடுக்கறேன். மழை பெய்யுது, பிடிச்சுக் குளிக்கறேன். அதுக்காக மழைய நான்தான் பேஞ்சேன்னு சொல்லுவியா?"

துரை பொறுமையில்லாமல் கிராணியின் பக்கம் திரும்பினார். இவற்றை எங்கிருந்து கொண்டுவந்தாள் என்று கேள்.

தியாகராஜா கேட்டார். அவளுடைய முகத்தைப் பார்க்காமல், அவள் தலைக்கு மேலிருந்த ஒரு மரத்தைப் பார்த்துக் கேட்டார்.

"நான் கொண்டாரலைங்க."

சபாபதி குறுக்கே விழுந்தார். "அப்பிடியா? கோயிலுக்கு வா. கற்பூரம் அணைச்சுச் சொல்லு பாப்போம், நானும் கொண்டாரல, யாரு கொண்டாந்தான்னும் தெரியாதுன்னு!"

கூட்டம் அடங்கியது. தோட்டத்தில் அதற்கு மேல் விசாரணை கிடையாது. எரியும் கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்து ஒரு சொல் சொல்லிவிட்டால், அந்தச் சொல்லை மாரியாத்தா முன்னால் மீற யாருக்கும் துணிச்சல் வராது.

வெள்ளையம்மா முந்தானையால் கையைத் துடைத்தாள். முதல் முறையாகக் கிராணியை நேராகப் பார்த்தாள்.

"நான் கொண்டாரலைன்னு இப்பவே அணைக்கறேன். யாரு கொண்டாந்தான்னு மட்டும் கேக்காதீங்க. அது எனக்குத் தெரியும். ஆனா சொல்ல மாட்டேன். அதுக்கு நான் ஏற்கெனவே ஒரு கற்பூரம் அணைச்சுக் குடுத்துட்டேன்."

என்ன சொல்கிறாள் என்று துரை கேட்டார்.

குடையின் கம்பியிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. தியாகராஜா குடையை மறு கைக்கு மாற்றினார். முழுவதையும் சொன்னால் அடுத்த கேள்வி வரும். அந்தக் கேள்விக்கு அவள் பதில் சொல்லாவிட்டாலும், கூட்டத்தில் ஒருவராவது அவள் பார்வை போன திசையைக் கவனித்திருப்பார்கள். வேலை போகும். குவாட்டர்ஸ் போகும். மூவாரில் தங்கைக்குப் பேசியிருக்கும் சம்பந்தம் போகும். புராணம் படித்த வாய் என்று சிகாமட் முழுக்கச் சிரிக்கும்.

"எங்கிருந்து வந்தது என்று தெரியுமாம், துரை," என்றார் ஆங்கிலத்தில். அதோடு நிறுத்திக்கொண்டார்.

பொய் ஒன்றும் சொல்லவில்லை. அவள் சொன்னதில் பாதியை மட்டும்தான் கொடுத்தார். அந்தப் பாதியே போதுமானதாக இருந்தது. துரை தலையை ஒரு முறை ஆட்டினார். பேர் வெட்டு; நாளைக் காலை லாரி. வாத்துகளைப் பறிமுதல் செய்யச் சொன்னார். சபாபதி அவற்றைத் தன் வீட்டுக் கொட்டகையில் 'பத்திரமாக' வைத்துக்கொள்ள முன்வந்தார்.

செல்லப்பனுக்கு ஊரில் யாருமில்லை. அவன் ஊர் எது என்பதே அவனுக்குச் சரியாக நினைவில்லை. முக்காலியிலிருந்து எழுந்திருக்க முயன்று, முடியாமல், அங்கிருந்தே துரையைப் பார்த்துக் கும்பிட்டான். துரை மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டிருந்தார். அதனால் அந்தக் கும்பிடு பின்னால் நின்ற கிராணிக்கு வந்து சேர்ந்தது.

*

சாயந்தரம் செல்லப்பாக்கியம் பிட்டு அவித்து வைத்தாள். தியாகராஜா பிசைந்துகொண்டே இருந்தார்.

"வாத்துக்காரியை அனுப்பினமாமே?"

"ஓம்."

"உந்தச் சனம் எதையும் திண்ணும், எதையும் வளர்க்கும். போகட்டும். வளவெல்லாம் நாறுது."

அவர் நிமிர்ந்து பார்த்தார். விளக்கு வெளிச்சத்தில் அவளுடைய கன்னம் உருண்டையாகப் பளபளத்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தக் கன்னத்தில் எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. இருமினால் கைலேஞ்சியில் சிவப்பு. சிகாமட் ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். லீவில் ஊருக்குப் போய்த் திரும்பும்போது, கொழும்பில் ஒரு பழைய சிநேகிதன் ரகசியமாகச் சொன்னான்: ஆப்பிரிக்கா நத்தை, மொரீசில் நெஞ்சு வருத்தக்காரருக்கு அதன் சூப்பைத்தான் கொடுக்கிறார்கள், என் தோட்டத்திலேயே கிடக்கிறது, கொண்டுபோ. பிஸ்கட் தகரத்தில் ஈரத் தும்பு விரித்து, வேட்டிகளுக்கு நடுவில் வைத்துக் கப்பல் ஏறினார் தியாகராஜா. வழியெல்லாம் தேவாரம் சொல்லிக்கொண்டே வந்தார்.

கொண்டுவந்துவிட்டார். ஆனால் யார் சமைப்பது? தன் அடுப்பில் அது கொதிக்கும் என்று நினைக்கவே முடியவில்லை. விறகு பிளக்க வரும் வெள்ளையம்மாவைக் கோயிலுக்கு அழைத்துப் போனார். எந்த உயிரிடமும் சொல்ல மாட்டேன் என்று கற்பூரம் அணைக்க வைத்தார். கேட்பது பெரிய கிராணி. அவள் எப்படி மறுப்பாள்? கொப்புளித்த உள்ளங்கையை வாயால் ஊதிக்கொண்டே, "அம்மா பொழைச்சாச் சரிங்க" என்றாள். அன்றிலிருந்து, விறகுக் கொட்டகைப் பெட்டியில் அவர் பெருக விட்ட நத்தைகளை மடியில் கட்டிப் போய், லயத்தில் மிளகும் வெள்ளைப்பூடும் இடித்துப் போட்டுக் கொதிக்க வைத்து, வடிகட்டி, கிராணி வீட்டு எனாமல் தூக்குச்சட்டியில் கொண்டுவந்து கொடுப்பாள். சிகாமட் வைத்தியரின் கசாயம் என்று தியாகராஜா மனைவிக்கு ஊட்டுவார். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் இருமல் நின்றது. செல்லப்பாக்கியம் கோலம் போட்டாள். சண்டை பிடித்தாள். சைவ சங்கத்தில் தோத்திரம் பாடினாள்.

பெட்டிக்குள் மிச்சம் கொஞ்சம் நத்தைகள். என் வாத்துக்குப் போடட்டுமா என்று வெள்ளையம்மா கேட்டாள். பட்டப்பகலில் எடுத்துப் போனால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று பயந்து, தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். அன்று பிரதோஷம். பிரதோஷத்தில் கொலையா? மூடியின் மேல் அம்மிக்கல் கனத்தில் ஒரு கல்லை ஏற்றி வைத்தார். மறுநாள் பார்த்தபோது கல் ஒரு பக்கம், மூடி ஒரு பக்கம், பெட்டி காலி. குரங்கு தள்ளிவிட்டது என்று நினைத்தார். நிம்மதியாகவும் இருந்தது. தன் கையால் கொல்ல வேண்டிய வேலை இல்லாமல் போயிற்றே!

"பிட்டு ஆறுது," என்றாள் செல்லப்பாக்கியம்.

இப்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். ஒரு வாய் பிட்டை உள்ளே போட்டுக்கொண்டார்.

*

காலையில் மழை தூறலாகக் குறைந்திருந்தது. பெரட்டுக் களத்தில் லாரி வந்து நிற்பது குவாட்டர்ஸ் பின்வாசலிலிருந்து தெரிந்தது. செல்லப்பனை இரண்டு பேர் தூக்கி ஏற்றினார்கள். பாய், ஒரு தகரப் பெட்டி, அம்மிக் குழவி மட்டும் தனியாக. அம்மியை எடுத்துப் போக முடியவில்லை போலிருக்கிறது. சபாபதியின் கொட்டகையிலிருந்து வாத்துகள் விடாமல் கத்தின.

வெள்ளையம்மா லாரியில் ஏறவில்லை. மேட்டில் ஏறிக் கிராணி வீட்டுப் பக்கம் வந்துகொண்டிருந்தாள்.

தியாகராஜா பின்வாசல் தூணைப் பிடித்துக்கொண்டார். சொல்லப்போகிறாள். சொல்லட்டும். சொன்னால் நல்லதுதானே என்று ஒரு மூலையில் தோன்றியது. மறு மூலை, எந்த வார்த்தையால் மறுப்பது என்று அதற்குள் தேட ஆரம்பித்திருந்தது.

அவள் அவரைப் பார்க்கவே இல்லை. முந்தானைக்குள்ளிருந்து ஒரு தூக்குச்சட்டியை எடுத்தாள். நீலப் பூப் போட்ட எனாமல். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்த பளபளப்பு.

"அம்மா! இது உங்க வீட்டுதுங்க. ரொம்ப நாளா எங்கிட்டயே கெடந்துச்சு. கொண்டுபோயிட்டேன்னா, சட்டியத் திருடிட்டுப் போனா வாத்துக்காரின்னு அதயும் சேத்துக் கட்டுவாரு அந்தக் கங்காணி."

சொல்லி, சிரிக்கப் பார்த்தாள். லயத்து ஆட்கள் கொடுப்பதைப் படியில் வைக்கச் சொல்லி, அவர்கள் விலகிய பிறகு நீர் தெளித்து எடுப்பதுதான் அந்த வீட்டு வழக்கம். வெள்ளையம்மா குனிந்தாள், படியில் வைக்க. செல்லப்பாக்கியம் இறங்கிப் போய் அவள் கையிலிருந்தே வாங்கிக்கொண்டாள்.

"ஒடம்பப் பாத்துக்குங்கம்மா. மழையில நிக்காதீங்க."

திரும்பி மேட்டிலிருந்து இறங்கினாள். வழியில் குறுக்கே ஊர்ந்த நத்தையை மிதித்துவிடாமல் காலைத் தாண்டி வைத்துக்கொண்டு போனாள்.

செல்லப்பாக்கியம் மூடியைத் திறந்து முகர்ந்தாள்.

"எத்தினை தரம் தேய்ச்சும் போகேல்லை. வெள்ளைப்பூடு."

"அது... சிகாமட் வைத்தியர்ட்டைக் கசாயம் வாங்கிவர அவளிட்டைத்தான் குடுத்துவிட்டனான்..."

"விடுங்கோ." அவளுடைய குரல் தணிந்திருந்தது. "முதல் நாளே தெரியும். கோப்பைக்கு அடியிலை சின்ன ஓட்டுத்துண்டு ஒண்டு கிடந்தது."

"தெரிஞ்சுமோ குடிச்சனீர்?"

"சாகப் பயமா இருந்தது. சொட்டும் மிச்சம் வைக்காமக் குடிச்சனான். பேந்து வாயைக் கழுவிப்போட்டு உங்களோடை இருந்து தேவாரம் பாடினனான்."

களத்தில் லாரியின் ஹாரன் ஒரு முறை அடித்தது. இப்போது ஓடினாலும் பிடித்துவிடலாம். தியாகராஜாவின் கால் படியில் இருந்தது. அங்கேயே இருந்தது.

"அப்ப நேற்று... உந்தச் சனம் எண்டு..."

"நீங்கள் வாய் திறப்பியளோ எண்டு பாத்தன்." சட்டியின் மூடியை அழுத்தி மூடினாள். "இல்லை. அதுவும் பொய். எனக்கும் பயம். நீங்கள் கானுக்குள்ளை தகரத்தைக் கவிட்டதை யன்னலாலை பாத்துக்கொண்டுதான் நிண்டனான். ஒரு சத்தம் போட்டிருந்தா நீங்கள் நிப்பாட்டியிருப்பியள்."

இரண்டாவது ஹாரன். வெள்ளையம்மாவின் தலை லாரியின் பின்பலகைக்கு மேலே எழுந்து, தார்ப்பாய்க்குள் மறைந்தது.

"எல்லாம் நான் செய்த பிழை," என்றார் தியாகராஜா. "அண்டைக்குப் பிரதோஷம் எண்டு பாராமல் அதுகளைச் சாக்காட்டி முடிச்சிருக்கவேணும். அந்தக் குரங்கு கல்லைத் தள்ளாமல் இருந்திருந்தா..."

"குரங்கு தள்ளேல்லை."

அவர் திரும்பினார்.

"பெட்டிக்குள்ளை சுரண்டிற சத்தம் கேட்டது. கல்லை நான்தான் இறக்கினனான். ஒவ்வொண்டா எடுத்து, வேலியடியிலை, நிழல் பாத்து விட்டனான். அதுகளைத் திண்டு உயிர் தப்பினவள், மிச்சத்தைச் சாக விடுவனே?"

தூக்குச்சட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, வலது கையை விரித்துக் காட்டினாள். இப்படித்தான் வைத்துக்கொண்டு போனேன் என்பதுபோல் உள்ளங்கை சற்றே குழிந்திருந்தது. லாரி உறுமிக் கிளம்பும் சத்தம் கேட்டது. தூறல் அந்தக் குழியில் விழுந்து தேங்கத் தொடங்கியது. அவள் கையை மடக்கவில்லை.